இருபது கவடு

"அப்பாவின்ர சைக்கிளைத் தாங்கோ."

ஆமிச் சென்றியில் மணல்மூட்டைகளுக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் நான் கேட்டது இவ்வளவுதான். இதைக் கேட்கக் கூடாது என்று எனக்குச் சொல்லாத ஆள் எங்கள் ஒழுங்கையில் இல்லை. அம்மா சொன்னார். அண்ணன் சொன்னான். ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையார் வீடு தேடி வந்து சொன்னார்: "பிள்ளை, அவங்கள் எடுத்தது எடுத்ததுதான். இண்டைக்குச் சைக்கிளைக் கேட்டா, நாளைக்கு ஆளைக் கேட்டுத் திரிய வேண்டி வரும்."

இரண்டாயிரத்து ஏழில் திருகோணமலையில் இதற்குப் பெயர் புத்தி. எனக்கும் அந்தப் புத்தி இருந்தது, பதினொரு நாளைக்கு முந்தி வரைக்கும்.

பாசக் கதை ஒன்றும் இல்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். என் அப்பா பாக்கியரத்தினம் துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டும் கயிறு இழுத்தவர். அந்தக் கயிற்றில் ஒரு துண்டைக் கொண்டுவந்து வீட்டில் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். எனக்கும் அண்ணனுக்கும் அதால்தான் அடி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக நான் கம்பசில் படிக்க எடுபட்ட செய்தி வந்த அன்று, முதல் நாள் வாங்கிய அடியில் எனக்குக் கதிரையில் சாய முடியவில்லை.

அடித்த அந்தக் கை அறுபத்தாறு வயதில் நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் என்றார்கள். நடுக்கம்கூடப் பரவாயில்லை. கால் ஒட்டிக்கொள்ளும். நடந்துகொண்டிருக்கும்போதே பாதம் இரண்டும் தரையோடு நின்றுவிடும். உடம்பின் மேல்பாதி மட்டும் முன்னுக்குப் போகப் பார்க்கும். குசினி வாசலில் பத்து நிமிடம் அப்படியே நிற்பார். "நடிக்காதைங்கோ!" என்று நானே கத்தியிருக்கிறேன்.

ஏனென்றால் அதே மனுஷன் சைக்கிளில் ஏறினால் பறப்பார். நடக்க மறந்த கால் மிதிக்க மறக்காது, இந்த நோயில் அப்படி நடப்பதுண்டு என்று கிளினிக் டொக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு பார்த்து நம்பினேன். காலை ஏழு மணிக்கு உப்புவெளியிலிருந்து கிளம்பி ஜெற்றியடியில் தாஹிர் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குப் போவார். பாண், பிளேன்ரீ, பேப்பர். வரும்போது மீன். தலைமயிர் வெட்டுவது, மருந்து எடுப்பது எல்லாம் தானே. எங்களிடம் ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டதில்லை. அதனாலேயே எங்களை அதட்டவும் அவரால் முடிந்தது.

இறங்குவதுதான் சிக்கல். அதற்கு வைத்தியம் கண்டுபிடித்தவர் தாஹிர் நானா. ஒருநாள் கடை வாசலில் அப்பா ஒட்டிக்கொண்டு நிற்க, நானா தன் ரப்பர் செருப்பைக் கழற்றி அவர் காலுக்கு முன்னால் போட்டிருக்கிறார்.

"என்ன பாக்கியம், கப்பல் தரை தட்டிட்டுது போல. இந்தா, இதத் தாண்டு பாப்பம்."

"எனக்கே செருப்புக் காட்டுறியாடா?" என்று அதை எத்தக் காலைத் தூக்கினார் அப்பா. கால் வந்துவிட்டது. தாண்டினார். அதற்குப் பிறகு நிற்காமல் ஆறேழு கவடு வைத்துக் கடைக்குள் போய் உட்கார்ந்தே விட்டார். அன்றிலிருந்து கால் ஒட்டினால் செருப்பு. எங்கள் ஊரில் ஒருவன் முன்னால் செருப்பைப் போட்டால் கத்திக்குத்தில் முடியும். அப்பாவுக்கு அது கதவு திறப்பது.

அந்தத் திங்கட்கிழமை சென்றியில் புது ஆட்கள் மாறியிருந்தார்கள். பழைய ஆட்களுக்கு அப்பாவைத் தெரியும். சைக்கிளில் சாய்ந்தபடியே உருட்டிக்கொண்டு போக விடுவார்கள். புதியவர்கள் சட்டப்படி செய்தார்கள். சைக்கிளை அவர்கள் வாங்கி உருட்டிப் போவார்கள். ஆள் அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இந்தத் தார்ப்பீப்பாயிலிருந்து அந்தத் தார்ப்பீப்பாய் வரைக்கும் தனியே நடக்க வேண்டும். இருபது கவடு.

நான் அரசாங்கக் கச்சேரிக்கு வேலைக்குப் போகப் பெண்கள் வரிசையில் நின்றேன். அப்பா ஐந்தாவது கவட்டில் ஒட்டிக்கொண்டார்.

"யன்ன! போ!"

அட்டை பிடித்த கை நடுங்கியது. கால் அசையவில்லை.

"சைக்கிள்ல நல்லா வந்தது. இப்ப நடக்க ஏலாது? நடிக்கிறது?"

கத்திய ஆமிக்காரன் துப்பாக்கியைத் திருப்பிப் பிடியால் முழங்காலின் பின்பக்கம் அடித்தான். அப்பா மடங்கி, திரும்ப எழும்பி, திரும்பவும் ஒட்டிக்கொண்டு நின்றார். இரண்டாவது அடி முதுகில். அவன் மூன்றாவதுக்கு ஓங்கும்போது நான் செருப்பைக் கழற்றி அப்பாவின் காலுக்கு முன்னால் எறிந்தேன்.

தூரம் கூடிவிட்டது. செருப்பு தரையில் பட்டு எழும்பி அவனுடைய பூட்சில் போய் விழுந்தது.

அவன் செருப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு துப்பாக்கிப் பிடி என் வாயில் இறங்கியது. முன்பல் ஒன்று நாக்கில் கிடந்தது. துப்புவதற்கு முன் அதே செருப்பை எடுத்து வாயில் திணித்தான். பீப்பாய்க்குப் பக்கத்தில் முழங்காலில் இருத்தி, கடித்துப் பிடிக்கச் சொன்னான். வெயில் உச்சிக்கு வரும்வரை பிடித்தேன். ரப்பரில் இரத்தமும் எச்சிலும் ஒழுகி மடியில் விழுந்தன. என்னோடு ஒரே மேசையில் வேலை செய்கிறவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள். பத்தடி தள்ளி அப்பாவை எழுப்புவார்கள், நடக்கச் சொல்வார்கள், நடக்காததற்கு உதைப்பார்கள். திரும்ப எழுப்புவார்கள். ஐந்து முறை எண்ணினேன். பிறகு அவர் எழும்பவில்லை.

மத்தியானம் தாஹிர் நானா தன் ஓட்டோவில் எங்களை அள்ளிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார். சைக்கிள் சென்றியிலேயே நின்றுவிட்டது.

அடுத்த நாள் அண்ணன் அப்பாவின் கணுக்காலைக் கட்டிலோடு கட்டினான். ஆணியில் கிடந்த அதே கயிறு.

"இவர் வெளிய வெளிக்கிட்டா எங்கள் எல்லாரையும் சுடுவாங்கள்" என்றான். அவன் பயந்தது உண்மை. ஆனால் முடிச்சை இறுக்கும்போது அவன் முகத்தில் பயம் மட்டும் இருக்கவில்லை. எனக்கு அந்த முகம் விளங்கியது. அதுதான் எனக்குக் கூடுதலாக அருவருத்தது.

மூன்றாம் நாள் அப்பா பீங்கான் கோப்பையால் அண்ணனின் புருவத்தைப் பிளந்தார். அண்ணன் அவருடைய வாயில் குத்தினான். அம்மா ஒரே துணியால் இரண்டு பேரின் இரத்தத்தையும் துடைத்துவிட்டு, "இருக்கட்டும், உயிரோட இருக்கிறார்தானே" என்றார்.

பதினோராம் நாள் காலை படுக்கையெல்லாம் மலம். நான் கழுவிக்கொண்டிருந்தேன். கால்கள் விறகு மாதிரி விறைத்திருந்தன. அப்பா கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

"பிள்ளை, என்னைக் கொண்டுபோய் கடல்ல விடு. இல்லாட்டி என்ட சைக்கிளை எடுத்துத் தா. ரெண்டில ஒண்டு செய்."

கையைக் கழுவினேன். கிளினிக் அட்டையை எடுத்துக்கொண்டு சென்றிக்கு நடந்தேன்.

அதிகாரிக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்தது. அட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

"நடக்க ஏலாத ஆளுக்கு என்னத்துக்குச் சைக்கிள்?"

"நடக்க ஏலாதபடியால்தான் சேர்."

பின்னால் நின்றவன் சிரித்தான். அடித்தவன்தான். என்னைப் பார்த்துக்கொண்டே தன் பூட்சைத் தரையில் தட்டினான். அப்பாவின் சைக்கிள் மாமரத்தில் சாய்ந்திருந்தது. அதில் தேத்தண்ணி வாளி தொங்கியது. என் நாக்கு பல் இருந்த ஓட்டைக்குப் போய்ப் போய் வந்தது.

"சரி" என்றார் அதிகாரி. "நாலு மணிக்குள்ள கொண்டு வா. அந்தப் பீப்பாயில இருந்து இந்தப் பீப்பாய்க்கு நடந்து காட்டட்டும். ஒருத்தரும் தொடக் கூடாது. வந்து சேர்ந்தா சைக்கிள். விழுந்தா நடிப்பு. பிறகு அப்பாவும் மகளும் இஞ்ச இருந்து எங்களுக்கு விளங்கப்படுத்தலாம்."

"தொடமாட்டன்" என்றேன். செருப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜெற்றியடிக்குப் போய் தாஹிர் நானாவிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். "விசரி" என்றார். பிறகு, "மூண்டரைக்கு ஒழுங்கை முகப்பில நிப்பன்" என்றார்.

வீட்டில் மீன் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குள் போனேன். நான் கயிற்றில் கத்தியை வைக்கும்போதே அண்ணன் வந்து என் தலைமயிரைப் பிடித்தான்.

"எங்க போனனீ? சொல்லடி!"

"சைக்கிள் கேக்கப் போனனான். இவர் சென்றியில நடந்து காட்டினாத் தருவாங்கள், செருப்புப் போட்டு நடத்தப் போறன்."

நெற்றியை அலுமாரியில் மோதினான். கண்ணாடி உடைந்தது. இரண்டாம் முறையும் மோதினான். நான் திரும்பிக் கத்தியை அவன் வயிற்றில் வைத்தேன். சேட்டுக்கு ஊடாகத் தோலில் முனை இறங்கியது எனக்குக் கையில் தெரிந்தது.

"இன்னொருக்காத் தொட்டுப் பார்."

நான் குத்துவேன் என்பது அவனுக்கு விளங்கியது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அவன் கையை எடுத்தான். சேட்டில் காசளவு சிவப்பு.

"செருப்போட போய் நிக்கப் போறியே?" என்றான், குரல் உடைந்து. "பாத்த உடன சுடுவாங்கள். உனக்குப் படிச்சும் அறிவில்லை."

"சுடட்டும்."

அம்மா வாசலை மறித்தார். "பிள்ளை, செருப்பையாவது வைச்சிட்டுப் போ. உன்னைக் கும்பிடுறன்."

"அது இல்லாமல் அவர் நடக்கமாட்டார் அம்மா. விலகுங்கோ."

கயிற்றை அறுத்தேன். கணுக்காலில் தோல் கயிற்றோடு ஒட்டி உரிந்து வந்தது. அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். எழுப்பி நிறுத்தி, சாரத்தை இறுக்கிக் கட்டிவிட்டேன். ஒட்டிக்கொண்டு நின்றார். மேல்பாதி ஆடியது.

"சொல்லிப்போட்டன், விழுந்தா ரெண்டு பேரையும் வைச்சிருப்பாங்கள்" என்றேன். "கட்டில்ல இருக்க விருப்பமெண்டா இப்ப சொல்லுங்கோ."

"உனக்குப் பயமில்லையே?"

"பயம்தான்."

"எனக்கும்தான்." உடைந்த உதட்டை நக்கினார். "போடு செருப்பை. கிட்டப் போடு, அண்டைக்கு மாதிரி எறியாத, மடைச்சி."

இரண்டு செருப்பையும் கழற்றினேன். அவரைப் பார்த்தபடி பின்னால் நடந்தேன். இடதைப் போட்டேன், தாண்டினார். வலதைப் போட்டேன், தாண்டினார். கண்ணாடித் துண்டுகளைக் காலால் தள்ளி வழி விட்டேன். அம்மா விலகினார். அறை வாசலில் ஒட்டிக்கொண்டார். செருப்பை வாசற்கட்டையின்மேல் வைத்தேன். ஒரு நிமிடம் போனது. நான் தொடவில்லை. கால் எழும்பியது.

நெற்றியிலிருந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. துடைத்தேன். பின்னால் அண்ணன் எங்கள் இருவரையும் தூஷணத்தால் திட்டிக்கொண்டிருந்தான். முற்றம் முடிந்தது. படலையை முதுகால் தள்ளித் திறந்தேன்.

வெளியே தார் வெறுங்காலில் சுட்டது. ஒழுங்கை முகப்பில் ஓட்டோ நின்றது. குனிந்து, அவர் தாண்டிவிட்டிருந்த செருப்பை எடுத்து, திரும்ப முன்னால் வைத்தேன்.