வடிய மறுத்த சாறு

விராட்டிஸ்லாவ் ஹ்லோஷெக் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பொறியாளர். ஆகவே, உலகத்தில் மேலிருந்து கீழே இறங்குவதெல்லாம் தன் சொல்லைக் கேட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. அந்தச் சனிக்கிழமை காலை, அவர் வீட்டு கராஜில் பீர் காய்ச்சுவதற்காகப் பெரிய பாத்திரத்தில் கிடந்த பார்லிக் கூழ் அந்த நம்பிக்கைக்கு மரியாதை தரவில்லை.

ஒரு சொட்டு. நீண்ட யோசனை. இன்னொரு சொட்டு.

ஐந்து வாரத்தில் மகள் அல்ஷ்பியெட்டாவுக்குக் கல்யாணம். பீர் நிலவறைக் குளிரில் கிடந்து பக்குவமாக அந்த ஐந்து வாரமும் வேண்டும். இன்றைக்கு விட்டால் கிடையாது. பெண்ணின் அப்பாவாக, தானே காய்ச்சிய பீர்ப் பீப்பாயில் மரச்சுத்தியலால் ஒரே அடி அடித்துக் குழாயை இறக்க வேண்டும், முதல் கோப்பையைச் சம்பந்தியிடம் நீட்ட வேண்டும். குளிர்காலம் முழுக்க அவருக்கு இதே கனவு. கோப்பைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் படிக்கலாம், அவ்வளவு தெளிவாக இருக்கும் என்று மதுக்கடையில் எல்லாரிடமும் சொல்லியும் வைத்திருந்தார்.

போன தடவை வரை பாத்திரத்தின் அடியில் ஓட்டை போட்ட சாதாரணத் தட்டு ஒன்று இருந்தது. சக்கை அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும், இனிப்புச் சாறு கீழே ஓடிவிடும். யாரும் குறை சொன்னதில்லை. அதுதான் அவருக்குக் குறை. தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மாவு சலிக்கிற சல்லடையைவிடப் பொடிக்கண் எஃகு வலையை மாட்டினார். அதற்குக் கீழே ஒரு பம்பு. 'ஓட்ட மேலாண்மை அமைப்பு' என்று பெயர் வேறு.

"என்ன மச்சான், அமைப்பு தூங்குதா?"

மனைவியின் தம்பி ரடோவன். மாட்டு வைத்தியன். அவனும் வீட்டில் பீர் காய்ச்சுகிறவன். இங்கே ஏதாவது தகராறு என்றால் மோப்பம் பிடித்து வந்துவிடுவான்.

"தூங்கல. ஆரம்பத்துல ஓட்டம் நிதானமாத்தான் இருக்கும்."

"என்கிட்ட வர்ற கெழட்டு மாடு இதவிட வேகமா மூத்திரம் போகும்."

விராட்டிஸ்லாவ் பம்பை முழு வேகத்துக்குத் திருகினார். அது ஒருமுறை உறுமி, சக்கை முழுவதையும் இழுத்து வலையோடு அப்பிவைத்தது. சொட்டும் நின்றது. துடுப்பால் கிளறினார். கழனித் தண்ணீர் மாதிரி கொஞ்சம் வந்து மறுபடி அடைத்துக்கொண்டது. பம்பைக் கழற்றி எறிந்தார். குழாயில் வாய் வைத்து எதிர்ப்பக்கமாக ஊதினார். குபுக்கென்று சுடுசாறு மீசையில் தெறித்தது.

"நல்லா ஊதுங்க. கல்யாணத்துக்கு பேண்டு செலவு மிச்சம்."

"வாய மூடுடா!"

சத்தம் கேட்டு அல்ஷ்பியெட்டா கையில் மாவோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ஏம்பா கஷ்டப்படுறீங்க? கடையில நாலு பீப்பா வாங்கிட்டா போச்சு."

கடையில்! அவள் உள்ளே போன பிறகும் அந்தச் சொல் கராஜிலேயே நின்றது. கூழ் ஆறிக்கொண்டிருந்தது. விட்டால் புளித்துவிடும்.

"என் பாத்திரம் வண்டியிலதான் இருக்கு," என்றான் ரடோவன்.

"அத எதுக்குடா கொண்டு வந்தே?"

"உங்க மேல இருக்கற நம்பிக்கைதான்."

நசுங்கிய பாத்திரம். வாஷ்பேசினுக்குத் தண்ணீர் வரும் ரப்பர் குழாயின் மேலே சுற்றியிருக்கும் எஃகுப் பின்னலை மட்டும் உருவி, அடியில் வளையமாகப் போட்டிருந்தான். அவ்வளவுதான் வடிகட்டி. பார்த்ததும் விராட்டிஸ்லாவ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு மச்சான். கல்யாணத்துல பீப்பாய நான்தான் அடிப்பேன்."

"பொண்ணு என்னோடதுடா!"

"பாத்திரம் என்னோடது."

விராட்டிஸ்லாவ் வெப்பமானியைப் பார்த்தார். வலை அடைத்த தன் பாத்திரத்தைப் பார்த்தார். அதை ஒரு உதை உதைத்தார், வலித்தது காலுக்குத்தான்.

"ஒரே அடி. ரெண்டாவது அடி அடிச்சே, மண்டைய ஒடச்சிருவேன்."

"முதல் கோப்பை?"

"அத நான்தான் நீட்டுவேன்!"

"தாராளமா நீட்டிக்குங்க."

இருவரும் கூழை அள்ளி அள்ளி மாற்றினார்கள். கலங்கலாக வந்த முதல் குடுவையை ரடோவன் திரும்பக் கூழின் மேலேயே ஊற்றினான். அப்புறம் நூலாக வந்தது. நூல் விரல் தடிமனானது. தேன் நிறம்.

"பாத்தீங்களா மச்சான்?"

"பாக்கல."

சாறு கண்ணாடியாக ஓடியது. விராட்டிஸ்லாவ் குனிந்து, அதில் ஒரு தூசியாவது தட்டுப்படாதா என்று கடைசிவரை தேடிக்கொண்டிருந்தார்.