விஷ உதவிப் பக்கத்தில் ஒரு தையல்கடை

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால், விட்டுவிட்டுத் தூறல். பொதுக்கல்வித் துறையின் மெய்ப்புத் திருத்துநரான அம்மையார், 'குழந்தை விஷம் குடித்துவிட்டால்' என்னும் இணையப் பக்கத்தின் அடியிலிருந்த உதவி எண்ணை அழைத்தார். எடுத்தவர் ஒரு தையற்காரர்.

"நேத்துலேருந்து இதே ரோதனைம்மா. காலையில ஒருத்தங்க, புள்ள பினாயில் குடிச்சிருச்சுன்னு ஒரே அழுகை. நான் என்னத்தச் சொல்ல? ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கன்னேன்."

"புள்ளைக்கு இப்ப எப்படி?"

"யாருக்குத் தெரியும்? போனை வச்சுட்டாங்க."

விஷ உதவி மையம் தன் எண்ணை இன்னும் அனுப்பவில்லை. ஆதலால் திருத்துநர் வரைவில் அவ்விடத்தைக் காலியாக விட்டிருந்தார். மெருகேற்றுவதற்காக அமர்த்தப்பட்ட செயற்கை நுண்ணறிவு, அதை ஏதோ ஓர் எண்ணால் தானே நிரப்பி, நேற்றுத் தானே வெளியிட்டும் விட்டது. வெளியிட எவர் கையொப்பமும் வேண்டா என்பது சென்ற மாதத்துச் சீர்திருத்தம். நீக்குவதற்குத்தான் இயக்குநரின் கையொப்பம் வேண்டும்.

இயக்குநர் திருத்துநருடைய கணவரின் தம்பி. அலுவலகத்தில் இருவரும் அதைப் பேசுவதில்லை.

"பக்கத்தை இறக்கணும் சார். உதவி எண் ஒரு தையல்கடைக்குப் போகுது."

"மத்ததெல்லாம் சரியா இருக்கா?"

"ஒரு குறை இல்ல. அதான் பயமா இருக்கு. படிக்கிறவங்க எண்ணையும் நம்பிடுவாங்க."

"நாளைக்கு அமைச்சர் அதைத்தானே தொடங்கி வைக்கிறார்! கருவி சரிபார்த்துதே, அண்ணி."

'அண்ணி' வந்துவிட்டதால் அவரிடம் வாதம் தீர்ந்துபோனது தெரிந்தது.

"எழுதினதும் அது, திருத்தினதும் அது. என் பரீட்சையை நானே திருத்தியிருந்தா நானும் டாக்டர்தான். நீங்களே போன் போட்டுப் பாருங்க."

இயக்குநர் ஒலிபெருக்கியில் அழைத்தார்.

"சொல்லுங்க," என்றது களைத்த குரல். "விஷமா, துணியா?"

இயக்குநர் சற்று யோசித்து, "துணி" என்றார்.

"அப்ப சாயந்தரம் பேசுங்க. யாராவது புள்ளைய வச்சுக்கிட்டு லைன் கிடைக்காம நிப்பாங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. இயக்குநர் பேனாவைத் திறந்து எழுதினார்: இப்பக்கம் உடனே நீக்கப்பட வேண்டும், இனி எப்பக்கத்தையும் ஒரு மனிதர் முழுதும் படித்து, எண்களை அழைத்துப் பார்த்து, தம் பெயரை இட்ட பின்னரே வெளியிட வேண்டும்.

"யாரு பேரைப் போடறது?" என்று இயக்குநர் நிமிர்ந்தார்.

"என் பேரைப் போடுங்க. அமைச்சருக்கு யாரு சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன்."

தேதியிட்டு, கையொப்பமிட்டு, மை உலரும்வரை ஊதி, தாளை நீட்டினார். திருத்துநர் வாங்கிக்கொண்டார்.