கறுத்துப் போன எட்டுப் படங்கள்

கைலாசம் திருவனந்தபுரத்தில் பிலிமைக் கழுவிக் கொண்டுவந்த அன்று எங்கள் முற்றத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: பூதலிங்கம் பிள்ளையாகிய நான், என் ஒரே மகன் கைலாசம், வாசலுக்குள் நின்ற என் மனைவி பிச்சம்மாள், தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்துக்கு எங்கள் பகுதியில் ஆள் திரட்டிய கருணாகரன், கைலாசத்தின் மாணவி புஷ்பபாய். தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் பிற்பாடு கேட்டுச் சொல்பவர்கள்.

அது கொல்லம் ஆண்டு 1130, ஆவணி; இங்கிலீஷ் கணக்கில் 1954. மார்த்தாண்டத்தில் போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

நான் தாலுகா கச்சேரியில் முப்பது வருஷம் குமஸ்தாவாக இருந்தவன். ஒரு சொல்லை இரண்டு முறை சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. கைலாசம் குளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பழைய பெட்டிக் கேமரா ஒன்று வாங்கி, சனிக்கிழமைகளில் எட்டுப் பிள்ளைகளுக்குப் படம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தான். ஒரு பிலிமில் எட்டுப் படம்தான் விழும். ஆகவே தலைக்கு ஒன்று. அந்த ஒன்றுக்காக மூன்று மாதம், நடுவில் சதுரமாக வெட்டிய அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி வயலையும் மரச்சீனிக் கிழங்கு விளையையும் பனைகளையும் பார்த்து நடந்தார்கள். படத்தில் ஆள் விழக் கூடாது என்பது அவன் வைத்த சட்டம்.

"மொகத்த எடுக்க ஸ்டுடியோ உண்டு. நம்ம மண்ண எடுக்கத்தான் ஒருத்தனும் இல்ல," என்பான்.

எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகளோடு அவன் வரப்பில் அலைவதை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

எட்டாவது படம் புஷ்பபாயுடையது. ஒரு சனிக்கிழமை குளத்தங்கரையில் நின்று எடுத்தாள். அந்த நேரம் அக்கரையில், வாரண்டுக்குத் தப்பித் திரிந்த போராட்டக்காரன் செல்லசாமியும் இன்னும் மூன்று பேரும் குளித்துக்கொண்டிருந்தார்களாம். மாலையே கருணாகரன் வந்துவிட்டான்.

"பிள்ளைவாள், அந்த பிலிமு போலீசு கையில போச்சுன்னா நாலு பேரு ஜெயிலுக்குப் போவான். இங்க தாரும்."

"எலே கருணாகரா, அதுல ஒருத்தன் தல தெரிஞ்சா எம் மொகத்துல துப்பு," என்றான் கைலாசம். "திங்கக்கெழம கொண்டு போய்க் கழுவி இங்கயே கொண்டு வாறேன். நீயே பாரு."

"ஒமக்க அப்பா சர்க்காரு சோறு தின்னவராக்கும் வாத்தியாரே. நாங்க எப்பிடி நம்ப?"

அதற்கு மேல் நான் பேசாமல் இருக்க முடியாது. கட்டைவிரல் பருமனில் சிவப்புத் தாள் சுற்றி ஒட்டியிருந்த பிலிம் சுருளை வாங்கி, என் பத்திரப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை வரை இதை யாரும் தொட மாட்டார்கள், இது பூதலிங்கத்தின் வாக்கு என்றேன். கருணாகரன் எழுந்து போனான்.

மறுநாள் காலை, கைலாசம் குளிக்கப் போயிருந்தபோது பெட்டியைத் திறந்தேன். அதில் ஒரு முகம் இருந்தால் ஊருக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். மகனின் சொல் எனக்குப் போதவில்லை. வேறு காரணம் சொல்ல மாட்டேன். ஒட்டியிருந்த தாளைப் பிரித்து, கிணற்றடியில் நல்ல வெயிலில் சுருளை முழுவதும் பிரித்துத் தூக்கிப் பிடித்தேன். பிலிமை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கழுவாத பிலிமில் வெயில் பட்டால் படம் அழிந்துவிடும் என்பது தெரியாது. முகமும் இல்லை, பனையும் இல்லை. மங்கிய பால் நிறம் மட்டும். கழுவினால்தான் வரும் போலிருக்கிறது என்று எண்ணி, திரும்பச் சுருட்டி, தாளைப் பழைய சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிப் பூட்டினேன்.

திங்களன்று கைலாசம் அதை எடுத்துப் போனான். அன்றைக்கே செல்லசாமியை உதியன்குளங்கரையில் போலீஸ் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை கைலாசம் முற்றத்தில் நீட்டிய பிலிம் முழுக்கக் கறுப்பாக இருந்தது.

"யாரோ வெயிலுல பிரிச்சுட்டான்னு கழுவுனவன் சொன்னான்," என்றான்.

"நல்லதக் குடுக்க வேண்டிய எடத்துல குடுத்துட்டு கரித்துண்ட எங்களுக்குக் கொண்டாந்திருக்கேரு," என்றான் கருணாகரன்.

"மாமா, அவிய கரையேறிப் போன பொறவாக்கும் நான் எடுத்தேன்," என்றாள் புஷ்பபாய். "கால் கடுக்க நின்னேன்."

"செரி மக்கா. படத்தக் காட்டு," என்றான் கருணாகரன்.

அவள் பிலிமை வாங்கி ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தாள். "இதுல எனக்க கொளம் எது சார்?"

கைலாசம் சட்டைப் பையிலிருந்து சிவப்புத் தாளை எடுத்தான். முனையில் ஒரு பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. அதைக் கருணாகரனுக்குக் காட்டவில்லை. என் பக்கம் மட்டும் திருப்பினான்.

"அப்பா, பெட்டிச் சாவி ஒங்ககிட்டதான இருந்தது?"

"ஆமா," என்றேன். "யாரும் தொடல்ல."

வாசலுக்குள் பிச்சம்மாளின் வளையல் சத்தம் நின்றது. கைலாசம் தாளை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தான். கருணாகரன் முற்றத்தில் துப்பிவிட்டுப் போனான்.

அந்த வாரமே வேலையை விட்டு நாகர்கோவில் போனான். இரண்டு வருஷத்தில் எல்லைக் கோடு விழுந்தது. அவன் தமிழ்நாட்டுப் பக்கம், நாங்கள் கேரளப் பக்கம். பிச்சம்மாள் இறந்தபோது வந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, என்னோடு பேசாமல் மாலை பஸ்ஸில் திரும்பினான். இப்போது வீட்டில் நான் ஒருவன். வெட்டிய அட்டைகள் எட்டும் அவன் மேசையில் இருக்கின்றன. பிள்ளைகள் யாரும் கேட்டு வரவில்லை.

கைலாசம் பிலிமைப் போலீசுக்குக் கொடுத்தான் என்று உதியன்குளங்கரை டீக்கடையில் இன்றும் சொல்கிறார்கள். கொடுக்கவில்லை. பிலிமைப் பிரித்தவன் நான்.