நூற்றெண்பது சதுரங்கள்

நாத்தனார் தேநீர்க் கோப்பையைக் கொண்டுவந்து நேராக அண்ணியின் கட்டம்போட்ட நோட்டின்மேல் வைத்தாள், மேசையில் வேறு இடமே இல்லாததுபோல. பதினான்கு வருடமாக அண்ணிக்கு அந்த நோட்டுதான் தொழில். கலர் பென்சிலால் நோட்டின் கட்டங்களை நிரப்பி, எந்தத் துணிக்குப் பக்கத்தில் எந்தத் துணி என்று முடிவுசெய்து, சாப்பாட்டு மேசையின் நடுவில் நீளவாக்கில் விரிக்கும் டேபிள் ரன்னர்களைத் தைப்பாள். மேலே துண்டு துண்டாக இணைத்த துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துப் பிடித்துக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தையல். கணவனே கேலியாக அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவான். தெருவில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது.

நாத்தனார் அண்ணியின் கணவனுக்குத் தங்கை. ஆபீஸ் வேலை போய், ஆறு மாதம் முன்பு இரண்டு பெட்டியோடும் ஒரு லேப்டாப்போடும் அண்ணன் வீட்டுக்கு வந்து இறங்கினாள். வேலை போன ஆத்திரத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல் தையலறையில் மூக்கை நுழைத்தாள். வந்த ஒரே வாரத்தில், இனிமேல் டிசைன் எல்லாம் ஏஐ போட்டுக் கொடுக்கும் என்றாள். அது கொடுத்த முதல் படத்தில் ஒரு நட்சத்திரத்துக்கு எட்டு முனை, பக்கத்து நட்சத்திரத்துக்கு ஏழு. அண்ணி அன்று முழுக்கச் சிரித்தாள். ஆனால் இருபதாவது படமோ முப்பதாவது படமோ நன்றாகவே வந்தது. கருநீலத்தில் தொடங்கி, கட்டம் கட்டமாக வெளுத்துக்கொண்டே போய், மறுமுனையில் வெறும் வெள்ளையாக முடிந்தது. இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று அண்ணிக்கு வயிறு எரிந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. சாயம் போன துணி மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ரன்னர் தைக்கக் கேட்டு வந்த பல் டாக்டரம்மாவுக்கு அந்தப் படம்தான் பிடித்தது. போன வருடம் இறந்துபோன கணவரின் சட்டைகள் பதினொன்றை, கருநீலத்திலிருந்து வெள்ளைவரை, துவைத்து, இஸ்திரி போட்டு, ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். எட்டடி மேசை. இரண்டு பக்கமும் அரையடி தொங்க வேண்டும், ஆக ஒன்பதடி. இந்தச் சட்டைகளைத் தவிர வேறு துணி சேர்க்கக் கூடாது என்றார். அண்ணி தன் நோட்டை எடுத்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நாத்தனார் டாக்டரம்மாவின் எதிரிலேயே அவள் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"அண்ணி, யோசிக்கிறத எல்லாம் இது பாத்துக்கும். நீங்க வெட்டித் தைச்சாப் போதும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டாக்டரம்மாவும் சிரித்தார். அண்ணி நோட்டை மூடிவிட்டாள்.

மறுநாள் நாத்தனார் அளவுகளை அச்செடுத்துக் கொண்டுவந்து வைத்தாள். நீளத்தில் முப்பத்தாறு, அகலத்தில் ஐந்து, மொத்தம் நூற்றெண்பது சதுரம். ஒவ்வொன்றும் மூன்று அங்குலம். அந்த அளவிலேயே வெட்டுங்கள் என்றாள். அண்ணி ஒருமுறை பார்த்தாள், போதும். தையலுக்கு இடம் விடவில்லை. இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்தால் ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் உள்ளே மடியும் என்பது தையல் பழகும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மூன்றில் வெட்டினால் இரண்டரைதான் மிஞ்சும். முப்பத்தாறுக்கு ஒன்றரை அடி காணாமல் போகும். சொல்லத்தான் வாயெடுத்தாள். நாத்தனார் அதற்குள் திரும்பி லேப்டாப்பில் உட்கார்ந்துவிட்டாள். அந்த முதுகைப் பார்த்ததும் அண்ணிக்கு மனசு இறுகிப்போனது. யோசிக்கிறதை அது பார்த்துக்கொள்ளும் அல்லவா, பார்த்துக்கொள்ளட்டும்.

முதல் சட்டையை வெட்டும்போது கை கொஞ்சம் தயங்கியது. பையோரம் பேனா மைக் கறை இருந்தது. இந்த ஒன்றோடு நிறுத்திச் சொல்லிவிடலாம், ஒரு சட்டைதானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள். இரண்டாவதிலும் அதையே நினைத்தாள். ஐந்தாவது சட்டையின்போது நாத்தனார் வந்து ஒரு சதுரத்தை எடுத்துப் பார்த்து, "அண்ணி, படத்துல இருக்கிற அதே அளவு" என்று பாராட்டினாள். அந்தப் பாராட்டுதான் மிச்சத்தையும் கெடுத்தது. பதினொன்றாவது சட்டை முடிந்தபோது, அடித்துணிக்கும் முதுகுப்பக்கங்கள் போய்விட, மேசையில் காலர்களும் கைப்பட்டிகளும் நைந்துபோன முழங்கைத் துணியும்தான் கிடந்தன. தப்பு செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள். அத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமாக அவள் வெட்டியதே இல்லை.

தைத்து முடிக்கப் பன்னிரண்டு நாளாயிற்று. நாத்தனார் விதவிதமாகப் போட்டோ எடுத்தாளே தவிர, ஒருதடவைகூட டேப்பை வைத்துப் பார்க்கவில்லை. போட்டோவில் நீளம் தெரியாது.

டாக்டரம்மா வீட்டில் இரண்டு பேருமாக அதை மேசைமேல் விரித்தார்கள். அழகாகத்தான் இருந்தது. டாக்டரம்மா வெள்ளை முனையைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்தார். மறுபக்கம் கருநீலம் மேசை விளிம்பைவிட்டு உள்ளே போனது. அங்கே போய் அதை இழுத்தார். இந்தப் பக்கம் உள்ளே போனது. மூன்றாவது முறை இழுக்காமல் கையை மட்டும் அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"இது அவர் உக்கார்ற பக்கம். இங்க வரைக்குமாவது வரணும்."

டாக்டரம்மா அண்ணியைப் பார்த்து மிச்சத் துணி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று அண்ணி தலையாட்டினாள். அப்போது நாத்தனார் முன்னால் வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அளவு நான் குடுத்தது டாக்டர். எங்க அண்ணி மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க நான் சொன்னபடிதான் வெட்டுனாங்க."

அண்ணி குனிந்து விரிப்பின் ஓரத்தில் ஒரு நூலைத் தேடினாள். பிசிறு ஒன்றும் இல்லை. வைத்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் டாக்டரம்மா சொன்னார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பஸ் நிறுத்தத்தில் நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து போனில் வேகவேகமாகத் தட்டினாள். நீ கொடுத்த அளவில்தான் வெட்டினோம், ஒன்றரை அடி எங்கே போனது என்று ஏஐயிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி சற்றுத் தள்ளி நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். என்ன சொன்னாலும் அது பொய்யாக இருக்கும், அல்லது உண்மையாக இருக்கும். இரண்டுக்கும் வாய் எழவில்லை.

தட்டுவது நின்றுவிட்டது. நாத்தனார் உதடு அசைய ஒருமுறை படித்தாள். இன்னொருமுறை படித்தாள். பிறகு போனைத் திருப்பி அண்ணியின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

'நான் கொடுத்தவை தைத்து முடித்த பின் இருக்க வேண்டிய அளவுகள். வெட்டும்போது ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் கூடுதலாக விட வேண்டும். இதை முன்பே சொல்லாதது என் தவறு, மன்னிக்கவும். தையல் தெரிந்த ஒருவர் வெட்டியிருந்தால், முதல் துண்டிலேயே இதைக் கவனித்திருப்பார்.'

பஸ் வந்து நின்றது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நாத்தனாரின் கை இறங்கவில்லை. திரை மெல்ல மங்க ஆரம்பித்தது. அது அணைந்துவிடாதபடி அவள் கட்டைவிரலால் ஒருமுறை தொட்டாள்.