பேச்சியம்மா வீட்டு மூட்டைப்பூச்சிகள்

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பதினோரு வருஷமாகத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மருந்து அடித்து வந்தவர் அலோசியஸ். மூட்டைப்பூச்சிக்கு டீடீடீ தூளைக் கரைத்து அடிப்பார். பம்பை முதுகில் கட்டிக்கொண்டு போனாரென்றால் கட்டில் மூட்டு, சுவர் இடுக்கு எதையும் விடமாட்டார். இடது முழங்கால் மடங்காததால் செங்குத்தான தேயிலை மலையில் நின்று அவரால் வேலை செய்ய முடியாது. இந்த வேலைதான் அவருக்குச் சோறு போட்டது. அப்பேர்ப்பட்ட மனுஷனைத்தான் எழுபத்தெட்டாம் வருஷம் கள்ளன் என்றார்கள்.

வேறொன்றுமில்லை, பூச்சி சாகவில்லை. மருந்து அடித்த மறுநாளும் பிள்ளைகளின் முதுகு தடித்துக் கிடந்தது. அலோசியஸ் நல்ல தூளை உருளைக்கிழங்குத் தோட்டக்காரர்களுக்குத் தள்ளிவிட்டு ரொட்டி மாவைக் கரைத்து அடிக்கிறார் என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இரண்டு வாரத்துக்குள் குற்றமில்லை என்று காட்டாவிட்டால் பெயரை வெட்டிவிடுவதாக, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சொல்லிவிட்டார்.

அதைக்கூட அலோசியஸ் பொறுத்துக்கொண்டார். ஆனால் மனைவி மார்கிரட் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "ஏங்க, மெய்யாவே நீங்க விக்கலதானே?" என்று கேட்டபோது தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தோட்டப் பாடசாலை ஜோசப்பின் டீச்சரிடம் போய் முறையிட்டார். டீச்சர் விஞ்ஞானம் படித்தவர். உயிர்கள் குஞ்சு பொரிக்கும்போது தாய் தகப்பன் உடம்பில் உள்ள மரபணு வரிசை படியெடுக்கப்பட்டுத்தான் போகும், எப்போதாவது அதில் ஓரிடம் மாறிப்போகும் என்றார். முக்கால்வாசி மாற்றத்தால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஒன்றிரண்டு பூச்சிக்கு மட்டும் மருந்து பிடிக்காத உடம்பு வாய்த்துவிடும்.

"மருந்து அதுகளுக்கு ஒண்ணையும் கத்துக்குடுக்கலண்ணே. அது முன்னமே அப்படிப் பொறந்தது. மத்ததையெல்லாம் நீங்க கொன்னுட்டீங்க. மிச்சம் இருந்தது பெருகிருச்சு."

அப்படியானால் இதுவரை மருந்தே படாத வீட்டுப் பூச்சி இந்த மருந்தில் சாக வேண்டுமே என்று அலோசியஸ் கேட்டார். டீச்சர் ஆமென்று சிரித்தார்.

மருந்து படாத வீடு தோட்டத்தில் ஒன்றே ஒன்று, கோயிலடியில் தனியாக இருக்கும் பேச்சியம்மா வீடு. ஆத்தா குடியிருக்கிற இடத்தில் நஞ்சு ஆகாது என்று அவர் ஒரு வருஷமும் பம்பை வாசலில் ஏற்றியதில்லை. அலோசியஸ் வேதக்காரர்தான், ஆனாலும் சாமி விஷயத்தில் வாய் கொடுக்காமல் தாண்டிப் போய்விடுவார். இப்போது பேச்சியம்மாவிடம் மூட்டைப்பூச்சி கேட்டார். அவர் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வேண்டிய மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

இரண்டு ஜாம் போத்தல். இரண்டிலும் அதே மருந்தில் நனைத்துக் காயவைத்த கடதாசி. ஒன்றில் பேச்சியம்மா வீட்டுப் பூச்சி, மற்றதில் லயத்துப் பூச்சி. இரண்டாம் நாள் பேச்சியம்மாவின் பூச்சிகள் மல்லாந்து கிடந்தன. லயத்துப் பூச்சிகள் ஒய்யாரமாக உலாவின.

அலோசியஸ் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு இடுக்கு விடாமல் அடித்த தன் கைதான் இந்தச் சாகாத சாதியைப் பொறுக்கி எடுத்து வளர்த்திருக்கிறது என்று தோன்றியது. அதற்கு மேலும் ஒன்று தோன்றியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அலோசியஸ் கொண்டுபோய்க் காட்டியதைப் பார்த்து, கண்டாக்கு ஐயாவே சாமான் இஸ்டோரில் புது டின்னை உடைத்து, தன் கையால் மருந்து கலந்து, இரண்டு வீட்டுப் பூச்சியையும் போட்டுப் போத்தல்களை ஆபீசில் பூட்டி வைத்தார். பெரட்டில் எல்லோர் முன்னாலும் திறந்தபோது அதே கதைதான். மார்கிரட் கூடையை இறக்கி வைத்துவிட்டு அழுதார்.

"நீ கள்ளன் இல்ல அலோசியஸ்," என்றார் கண்டாக்கு ஐயா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா சாகாத பூச்சிக்கு மருந்து எதுக்கு? நாளையிலேருந்து உனக்கு மலையிலதான் வேல. அந்தக் காலோட என்ன பண்ணப் போற?"

"போத்தல வீட்டுல பார்த்த அன்னிக்கே அது தெரியுங்க ஐயா," என்றார் அலோசியஸ். "தெரிஞ்சுதாங்க இங்க கொண்டாந்தேன்."