அமிலம் தொடாத கோடு

அத்தானை நான் திட்டாத நாள் குறைவு. அக்காவின் கணவர், பால் தொழிற்சாலையில் எவர்சில்வர் தொட்டிகளைப் பற்றவைக்கும் வெல்டர். வேலை சுத்தம், வாய்தான் ஓயாது. நான் கத்தி அடிப்பவள். என் பட்டறையில் என்னைத் தவிர யார் பேசினாலும் எனக்குப் பிடிக்காது.

அந்த முறை அவரை நானே கூப்பிட வேண்டியதாயிற்று. எல்லாம் அக்காவுக்காக. அவள் மாணவர் விடுதியில் தலைமைச் சமையல்காரி. கண்ணாடி ஜாடி உடைந்து உள்ளங்கையைக் கிழித்ததில் நரம்பு அறுந்தது. தைத்த பிறகு கை அசைந்தது, ஆள்காட்டி விரல் மட்டும் மரத்துப்போயிற்று.

"விரல் எங்க இருக்குன்னே தெரியலடி. வழுக்கிக் கத்தி மேல போனாக்கூட ரத்தத்தைப் பாத்துத்தான் தெரியுது" என்றாள். அதோடு கத்தியைத் தொடுவதையே விட்டாள். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாக விடுதியில் சொல்லிவிட்டார்கள். அடுப்படி இல்லாத அக்காவை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

விரல் விலகி நிற்கத் தடித்த கழுத்துள்ள ஒரு கத்தி செய்வதென்று முடிவெடுத்தேன். இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, தகடுகள் ஒட்டுவதற்காக வெங்காரப் பொடி தூவி, உலையில் மஞ்சளாகக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்தேன். நீட்டி, மடித்து, மறுபடி அடித்தேன். இதுதான் டமாஸ்கஸ் எஃகு. அமிலத்தில் போட்டால் ஒரு எஃகு கறுக்கும், மற்றது வெளுக்கும், அலகு முழுக்க வரிவரியாய்த் தெரியும். அலகுக்கும் பிடிக்கும் நடுவே வரும் கழுத்துக்கு போல்ஸ்டர் என்று பெயர். அதைத் தனி இரும்பில் செய்து அலகோடு பற்றவைக்க வேண்டும். அது அத்தான் வேலை.

"என்ன மச்சினி, உங்க சம்மட்டிக்கு முடியாததை என் வெல்டிங் கம்பி பண்ணணுமா?"

"கம்பியை மட்டும் ஆட்டுங்க அத்தான், வாயை ஆட்டாதீங்க."

பற்றவைப்பு அழகாக இருந்தது, குறை சொல்ல முடியாது. சாணை பிடித்ததும் இணைப்பு இருந்த இடமே தெரியவில்லை. எஃகு இறுகுவதற்காகக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன், விரிசல் விடவில்லை. வரிகள் ஆழமாக விழட்டும் என்று அமிலத்தில் நெடுநேரம் விட்டேன்.

வெளியே எடுத்தபோது தலையில் இடி விழுந்தது போலிருந்தது. அலகில் வரிகள் அருமை, கழுத்து நல்ல கறுப்பு. இரண்டும் சேரும் இடத்தில் சுற்றிலும் பளபளவென்று ஒரு கோடு. அதை அமிலம் தொடவே இல்லை.

"அத்தான், எந்தக் கம்பி போட்டீங்க?"

பையைத் துழாவியவரின் முகம் சுருங்கியது. "எவர்சில்வர் கம்பிம்மா. பழக்கதோஷம்."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். கழுத்தை அறுத்தெடுத்து முதலிலிருந்து தொடங்க நாள் இல்லை. அவர் தலையைக் குனிந்தபடி கம்பிகளைப் பைக்குள் அடுக்கினார். மனிதர் பெண்டாட்டிக்காகத்தானே வந்தார் என்று நினைத்தபோது எனக்கே கஷ்டமாகிவிட்டது.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டிலிருந்த அக்கா வந்துவிட்டாள். "ஏன்டி அவரைப் போட்டு வறுக்கற?"

இன்னும் தீட்டாத கத்திதானே என்று கையில் எடுத்தாள். கழுத்தைப் பிடித்தவள் அப்படியே நின்றாள்.

"இந்த விரல்ல என்னமோ உரசுதே."

வாங்கிப் பார்த்தேன். சுற்றியிருந்த எஃகை அமிலம் அரித்திருந்தது. எவர்சில்வர் கோடு மட்டும் நூலளவு மேடாக நின்றது. தைத்த நரம்பில் உணர்வு கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும்; வழவழப்பு தெரியாத விரலுக்கு அந்த மேடு தெரிந்திருக்கிறது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு விரலை முன்னே நகர்த்தினாள். கோட்டில் நின்றது. திரும்பவும் நகர்த்தினாள், அங்கேயே நின்றது.

"இதைத் தாண்டக் கூடாதுன்னு தெரியுதுடி" என்றாள். அத்தான் அழுதுவிட்டார். நானும்தான்.

அந்தக் கோட்டைத் தேய்க்காமல் கத்தியைத் தீட்டிப் பிடி போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அவள் வீட்டு அடுப்படியில் நானும் அத்தானும் மூச்சுவிடாமல் நின்றோம். முதல் வெங்காயம் கோணல்மாணலாக வந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதை வெட்டும்போது என்னோடு பேசிக்கொண்டே வெட்டினாள்.

"போதும்மா, கை வலிக்கப்போகுது" என்றார் அத்தான்.

அக்கா கூடையை எட்டிப் பார்த்தாள். "இருநூறு பேருக்கு வெட்டிப் பழகணும். இந்த நாலு வெங்காயம் எந்த மூலைக்கு? போய் மூட்டையா வாங்கிட்டு வாங்க."

அத்தான் செருப்புகூடப் போடாமல் ஓடினார்.