ஈ டிரைவைப் பிடித்த பென்

நோன்பு திறக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. கல்முனையில் அந்தப் பள்ளிவாசலின் நேரம் காட்டும் திரை கறுத்துக் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் மோதினார் பாங்கு சொல்வார். நேரத்தைக் கணக்கிடும் செயலியும், அதைத் தானாகத் திறக்க, பள்ளியின் கணினியைப் பார்த்துக்கொள்ளும் றிம்ஸான் எழுதிய பேட்ச் என்ற கட்டளைக் கோப்பும் அந்தக் கணினியில் செருகிய ஒரே பென் டிரைவில்தான் இருந்தன. ஆனால் கோப்பை அழுத்தினால் ‘பாதை கிடைக்கவில்லை’ என்றே வந்தது.

“ஆரு இதுல கை வெச்ச?” என்று றிம்ஸான் சீறினான்.

மோதினார் ஜவ்பர் மெல்ல வந்தார். “நான்தான் தம்பி. குர்ஆன் கிறாஅத் கேக்க ஒங்கட பென்னைக் கழட்டிப்போட்டு என்டதைக் குத்தினன். பிறகு ஒங்கடதையும் பக்கத்துல மாட்டித்தான் வெச்சன்.”

றிம்ஸானுக்கு விளங்கிவிட்டது. முதலில் செருகிய அவர் பென்னுக்குக் கணினி ‘ஈ’ டிரைவ் என்ற எழுத்தைக் கொடுத்துவிட, அவனுடையது ‘எஃப்’ ஆகியிருந்தது. கோப்போ இன்னும் ஈயிலேயே தேடிக்கொண்டிருந்தது. அந்த எழுத்தை அழித்துவிட்டு, கோப்பு எந்த டிரைவில் இருக்கிறதோ அங்கேயே செயலியைத் தேடும்படி ஒரு வரி எழுதினான். திரை பளிச்சென்று விழித்தது. அப்பாடா என்று அவனுக்கு மூச்சு வந்தது.

“என்ட பென்னைக் கழட்டவா?” என்றார் மோதினார்.

“வேணாம் ஜவ்பர் காக்கா. நாளைக்கு இன்னும் ரெண்டைக் கொண்டு வந்து குத்துங்க. இப்ப போய்ப் பாங்கைச் சொல்லுங்க!”